346 கிராம்: மலைக்கு ஏறும் ஸ்கோப்போடு ஆறு வருடம்

துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கிதான் ஸ்கோப். என் முதல் ஸ்கோப்பைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 720 கிராம். அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் எஃகு வளையங்கள் தனியாக 180. இட்லிக்கு உளுந்து நிறுக்கும் தராசில் துப்பாக்கிச் சாமானை வைத்ததற்கு வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை. எனக்கு உறைத்தது அந்தக் கூட்டுத்தொகைதான். இலேசான துப்பாக்கிதான் வேண்டும் என்று தேடி அலைந்து டிக்கா டி3எக்ஸ் லைட் வாங்கியவன் நான், ஏறத்தாழ 2.9 கிலோ. அதன் முதுகில் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைக் கட்டிவைத்த மாதிரி 900 கிராமை நானே ஏற்றியிருக்கிறேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில். வேட்டை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாட்டில் வௌவாலைத் தவிர மண்ணுக்குச் சொந்தமான நிலப் பாலூட்டியே கிடையாது. சிவப்பு மான், ஷாமி, தார் என்ற மலையாட்டு இனங்கள் எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. பெருகிக் காட்டை மேய்ந்து தீர்த்ததால் 1930இலிருந்து அரசே ஆள் வைத்து மான்களைச் சுடத் தொடங்கியது. இன்றும் பெரும்பாலான அரசுக் காட்டு நிலங்களில் துப்பாக்கி உரிமமும் இலவச அனுமதிச் சீட்டும் இருந்தால் வருடம் முழுக்க வேட்டையாடலாம். இதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு. 1904இல் இங்கே கொண்டுவந்து விட்ட இமயமலைத் தார், நம் நீலகிரி வரையாட்டுக்கு உறவு. ஊரில் வரையாடு மாநில விலங்கு, தொட்டால் சிறை. இங்கே அதன் உறவான தாரின் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டக் கூடாது என்று 1993இலேயே திட்டம் போட்டுவிட்டார்கள். இதுவரை தாரைச் சுட எனக்கு மனம் வரவில்லை. நான் போவது மானுக்கு, அதுவும் கறிக்கு.

இங்கே மான் வேட்டை என்றால் முக்கால்வாசி நடைதான். லேக் சம்னர் என்ற ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றைக் கடந்து, பீச் மரக்காட்டுக்குள் ஏறி, மரம் தீர்ந்து புல் தொடங்கும் விளிம்புவரை போக வேண்டும். முதுகில் மூன்று நாள் மூட்டை. அந்தப் பாரத்தில் அரைக் கிலோ என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். மூட்டைக்குள் இருக்கும் அரைக் கிலோ வேறு, துப்பாக்கியின் உச்சந்தலையில் இருக்கும் அரைக் கிலோ வேறு. தலைக்கனம் கூடினால் தோளில் மாட்டிய துப்பாக்கி ஒவ்வொரு அடிக்கும் உருண்டு திரும்பும். ஒரு கை எப்போதும் வாரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேடேறும்போது அந்தக் கை மரத்தைப் பிடிக்கத் தேவை.

ஆனால் நான் மாறியது எடையால் மட்டும் அல்ல. அந்தப் பழைய ஸ்கோப் 4-16x50, அதாவது உருவத்தை 4 முதல் 16 மடங்குவரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. முந்தின நாள் மாலை தூரத்துச் சரிவில் ஒரு மானைக் குறிபார்த்தவன் 12இல் விட்டுவிட்டேன், குறைக்க மறந்தாச்சு. மறுநாள் காலை காட்டுக்குள் அறுபது மீட்டரில் ஒரு பெண்மான் எழுந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பு நிற ரோமம். வெறும் ரோமம். தோளா, தொடையா, பின்னால் இன்னொன்று நிற்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. குறி என்ன என்று ஐயமில்லாமல் தெரியாத வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்பதுதான் இங்கே உரிம வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி. நான் மடங்கைக் குறைக்கும் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தபோது அது போய்விட்டது.

அன்று இரவு குடிசையில் நாட்குறிப்பைப் புரட்டிக் கணக்குப் போட்டேன். அதுவரை நான் சுட்ட மான் ஒன்றுகூட 220 மீட்டருக்கு அப்பால் இல்லை. பாதிக்கு மேல் நூறுக்குள். 16 மடங்கு உருப்பெருக்கத்தை எதற்குச் சுமக்கிறேன்?

ஸ்கோப்பின் எடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்தது. முன்கண்ணாடி பெரிதானால் கண்ணாடியும் கனம், அதைச் சுற்றியுள்ள குழாயும் கனம். நடுக்குழாய் ஒரு அங்குலமா (25.4 மி.மீ.), 30 மி.மீட்டரா என்பது அடுத்தது. பக்கவாட்டில் இடமாறு (கண் அசைந்தால் குறி நகர்வதாகத் தோன்றும் பிழை) சரிசெய்யும் குமிழ், பெரிய டரட் (குறியை மேல்கீழ், இடவலமாக நகர்த்தும் திருகு), கோட்டை ஒளிரவைக்கும் பேட்டரி விளக்கு, இவை ஒவ்வொன்றும் சில பத்து கிராம். 50 மி.மீ. கண்ணாடி இருந்தால்தான் மங்கலில் தெரியும் என்று நானும் நம்பியிருந்தேன். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம், முன்கண்ணாடியை மடங்கால் வகுத்தால் வருவது. 50ஐ 16ஆல் வகுத்தால் 3 மி.மீட்டரும் சொச்சமும். 40ஐ 6ஆல் வகுத்தால் 6.7. இருட்டில் நம் கண்மணி விரிவதே இளம் வயதில் ஏறத்தாழ 7 மி.மீ., ஐம்பதை நெருங்கும் என் போன்றவர்களுக்கு இன்னும் குறைவு. அந்தி சாய்ந்தால் மடங்கைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. கண்ணாடியின் பூச்சு நன்றாக இருப்பது இதைவிட முக்கியம்.

நடுவில் ஒரு தப்புச் செய்தேன். இலேசு என்ற ஒரே காரணத்துக்காக, பெயர் சொல்ல வேண்டாம், ஒரு மலிவு ஸ்கோப் வாங்கினேன். 310 கிராம். துப்பாக்கி சுடும் களத்தில் குறி சரிபார்த்தபோது கச்சிதம். மண் சாலையில் இரண்டு மணி நேரம் வண்டி குலுங்கிய பிறகு 100 மீட்டரில் ஒரு கைப்பிடி அகலம் இடப்பக்கம் அடித்தது. சரிசெய்தேன். அடுத்த முறை வேறு பக்கம். டரட்டை 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று திருப்பி ஒரு சதுரம் சுற்றிப் பார்த்தால் தொடங்கிய ஓட்டைக்கே குண்டு திரும்பி வர வேண்டும், வரவில்லை. மனிதனை ஏமாற்றினால் போகட்டும், காயம்பட்ட மானைத் தேடிக் காட்டில் அலைவது கொடுமை. நல்லவேளை, அதுவரை போகவில்லை.

கடைசியில் அமைந்தது லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9x40. எடை 346 கிராம், ஒரு அங்குலக் குழாய், சாதாரணக் குறுக்குக்கோடு. கடையில் பக்கத்திலேயே ஸ்வரோவ்ஸ்கி இசட்3 3-10x42 இருந்தது, 360 கிராம். அந்தி வெளிச்சத்தில் அதன் கண்ணாடி ஒரு படி மேல் என்பதைக் கடை வாசலில் நின்று பார்த்தாலே ஒப்புக்கொள்ள வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். வோர்ட்டெக்ஸ் ரேஸர் எல்ஹெச்டி 3-15x42 ஏறத்தாழ 540 கிராம். விளக்கு, பக்கக் குமிழ் எல்லாம் உண்டு. 400 மீட்டர் சரிவுகளில் சுடுகிறவர்களுக்கு அந்த 540 நியாயமான எடை. எனக்கு இல்லை.

வளையங்களையும் அலுமினியத்துக்கு மாற்றினேன், 70 கிராம். ஆக 900 இருந்த இடத்தில் 416. வளையத் திருகாணிகளை முறுக்குவிசைச் சாவி வைத்து 2 நியூட்டன்-மீட்டருக்குள் முறுக்கினேன். ‘நல்லா இறுக்கிட்டேன்’ என்று கைபோன போக்கில் முறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும். பிறகு ஸ்கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த ஆறு வருடத்தில் அது பட்ட பாட்டைச் சொல்கிறேன். மேற்குக் கரை மழையில் இரண்டு நாள் நனைந்திருக்கிறது, உள்ளே ஆவி படியவில்லை. வெளிக்கண்ணாடியில் என் மூச்சுப் பட்டு மங்கியது பலமுறை. அது என் மூச்சின் குற்றம். ஆற்றுக் கல்லில் வழுக்கி நான் விழுந்தபோது துப்பாக்கியும் விழுந்து டரட் மூடியில் ஒரு பள்ளம். அந்த வாரமே களத்துக்குப் போய்ப் பார்த்தேன், குறி நகரவில்லை. ரப்பர் மூடியைத்தான் இழந்தேன். குடிசைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போன ஐந்து நிமிடத்தில் ஒரு கீயா கிளி அதைக் குதறி வைத்திருந்தது. மலைக்கிளிகளுக்கு ரப்பர் என்றால் நம் ஊர்க் குரங்குக்குப் பழப்பை மாதிரி. இப்போது பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையை முன்னும் பின்னும் மாட்டுகிறேன். கிளி தின்றால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

பழக்கத்தில் பெரிய மாற்றம், நடக்கும்போது எப்போதும் 3இல்தான் வைத்திருப்பேன். 100 மீட்டரில் 11 மீட்டர் அகலம் தெரியும். 9க்குப் போனால் அது நாலரை மீட்டராகச் சுருங்கிவிடும். தூரத்து மானுக்கு வளையத்தைத் திருக எப்போதும் நேரம் கிடைத்திருக்கிறது. பக்கத்து மானுக்குக் கிடைத்ததில்லை. தேடுவதற்கு மார்பில் 8x30 பைனாகுலர். ஸ்கோப்பால் தேடுவது என்றால் புதருக்குப் பின்னால் இருக்கும் யார்மீதோ துப்பாக்கியை நீட்டுவது என்று பொருள்.

குறியை 200 மீட்டருக்கு வைத்திருக்கிறேன். .308 என்ற தோட்டா வகையில் 150 கிரெய்ன் (பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு) குண்டு, 100இல் ஓர் ஐந்து செ.மீ. மேலே, 300இல் ஏறத்தாழ ஒரு சாண் கீழே. இதற்கு டரட்டைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. ஆறு வருடத்தில் வேட்டையின்போது அந்த மூடியைக் கழற்றியதே கிடையாது.

இலேசான துப்பாக்கியின் கூலி, உதை. ஸ்கோப்பிலும் அரைக் கிலோ குறைத்ததும் தோளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அதனால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் விடும் இடைவெளியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், 9 செ.மீட்டராவது இருக்கட்டும். இதில் அது உண்டு. ஆனாலும் மேல்நோக்கிய சரிவில் படுத்துச் சுட்டபோது ஒருமுறை முகத்தை ஒட்டவைத்துப் புருவத்தில் பிறை மாதிரி வெட்டு வாங்கினேன். இங்கே வேட்டைக்காரர்கள் பாதிப் பேர் புருவத்தில் அந்தப் பிறை உண்டு. ஓசை அடக்கி மாட்டிய பிறகு உதை தணிந்தது. மிச்சம் பிடித்த எடையில் பெரும்பகுதி குழல் நுனிக்குத் திரும்பிப் போனதையும் மறைக்கவில்லை.

விளக்கு இல்லாததை வாங்கியது என் முடிவு. அதற்கு விலையும் கொடுத்தேன். மே மாதத்து அந்தி, கரிய புதர்ப் பின்னணியில் ஒரு மான். மான் தெரிகிறது, கறுப்புக் கோடு அதன் உடம்பில் கரைந்துவிட்டது. சுடாமல் இறங்கினேன். இன்றைக்கு வாங்கினால் கோட்டின் நடுவில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளிக்காகக் கூடுதலாக 40, 50 கிராம் சம்மதிப்பேன். அதற்கு மேல் முடியாது.

பழைய 720 கிராம் வீணாகவில்லை. பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் முயல் சுட வாங்கிக்கொண்டார். புல்மேட்டில் பாயை விரித்துப் படுத்து, இரண்டு கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்து, 16இல் போட்டு நாள் முழுக்க அசையாமல் கிடப்பார். முயலின் மீசை தெரிகிறது என்று போன வாரம்கூடப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.