கடலூர் படகுக்கு எந்த மோஷன் சென்சார்: மெம்ஸா, ஃபைபர் ஆப்டிக்கா?

கெடிலமும் பரவனாறும் கடலில் சேரும் கடலூர் முகத்துவாரம், அரியாங்குப்பம் ஆற்று வாயிலில் இருக்கும் புதுச்சேரி துறைமுகம், இரண்டுமே மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டே இருப்பவை. தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் ஆழம் அளந்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். மல்டிபீம் எக்கோசவுண்டர் (பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) போட்டுவிட்டால் கூடவே மோஷன் சென்சாரும் வேண்டும். படகு பக்கவாட்டில் சாய்வது (ரோல்), முன்பின்னாகச் சாய்வது (பிட்ச்), மேலும் கீழும் ஏறி இறங்குவது (ஹீவ்) மூன்றையும் கழிக்காவிட்டால் தட்டையான மணல் தரைகூட வரைபடத்தில் உழுத வயலாகத்தான் தெரியும். இது தெரிந்ததுதான். எந்த சென்சார் என்பதில்தான் எல்லோரும் முழிக்கிறார்கள். பல காலம் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு, கடைசியில் சொந்தமாக மெம்ஸ் வகை வாங்கினேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மெம்ஸ் என்பது சிலிக்கான் சில்லில் அதிரும் நுண்ணிய அமைப்பை வைத்துச் சுழற்சியை அளப்பது. ஃபைபர் ஆப்டிக் கைரோவில், நீளமான கண்ணாடி இழைச் சுருளுக்குள் எதிரெதிராக ஒளியை அனுப்பி, இரண்டுக்கும் வரும் வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். இரண்டாவது வகை மணிக்கு 15 டிகிரியான பூமியின் சுழற்சியையே துல்லியமாக உணர்ந்து, வேறு உதவி இல்லாமல் வடக்கைக் கண்டுபிடித்துவிடும். மெம்ஸால் பொதுவாக அது முடியாது. இரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்துத்தான் திசை எடுக்க வேண்டும்.

திசை விஷயத்தில் ஃபைபர் ஆப்டிக்குக்கு நம்ம ஊர் ராசியான ஊர். வடக்கு தேடும் கைரோவின் திசைப் பிழை துருவத்தை நோக்கிப் போகப் போகக் கூடும். 60 டிகிரி அட்சரேகையில் அது இரட்டிப்பாகும். கடலூர் 12 டிகிரிக்குள் இருப்பதால் இங்கே கூடுவது 2 சதவீதம்தான். மெம்ஸோடு போடும் ஜிபிஎஸ் திசைக்கோ இங்கே ஒரு தொல்லை உண்டு. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே போவதால், மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் சூரியன் சாய்ந்த பிறகு அயனிமண்டலம் கலங்கி சிக்னல் தடுமாறும். ஆனால் இரவில் ஆழம் அளப்பவர்கள் யார்? கொண்டல் காற்று எழுவதற்குள், விடிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் கரையேறுவதுதான் இங்கே வழக்கம்.

துல்லியத்துக்கு வருவோம். 10 மீட்டர் ஆழம், ஒலிக்கற்றை நேர்கீழிலிருந்து 60 டிகிரி விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோலில் 0.05 டிகிரி தவறினால் ஆழத்தில் சுமார் 1.5 செ.மீ. தவறும். 0.01 டிகிரி தரமுள்ள ஃபைபர் ஆப்டிக் என்றால் 0.3 செ.மீ. சர்வதேச நீரளவியல் அமைப்பின் எஸ்-44 விதிகளில் ஸ்பெஷல் ஆர்டர் என்ற கடுமையான தரநிலைக்கு அதே ஆழத்தில் அனுமதிக்கும் மொத்தச் செங்குத்துப் பிழை ஏறக்குறைய 26 செ.மீ. ஓதத் திருத்தமும் ஒலிவேகமும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அந்த ஒரு சென்டிமீட்டரை மிச்சப்படுத்தக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1000 மீட்டர் ஆழத்தில் அதே கணக்கு 1.5 மீட்டருக்கும் 30 செ.மீ.க்கும் உள்ள வித்தியாசமாகிவிடும். புதுச்சேரிக்குக் கிழக்கே கண்டத்திட்டு முடிந்து கடலடிப் பள்ளத்தாக்கு இறங்கும் பகுதிக்குப் போகிறவர்களுக்கு நான் மெம்ஸைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஹீவைப் பற்றி விற்பனையாளர்கள் தாங்களாகச் சொல்லாத ஒன்று: விலை எவ்வளவு வித்தியாசப்பட்டாலும், பெரும்பாலான தொழில்நுட்ப விவரத் தாள்களில் இரண்டு வகைக்கும் ஒரே வரிதான், 5 செ.மீ. அல்லது 5 சதவீதம், எது பெரிதோ அது. காரணம் எளிது. முடுக்கத்தை இரண்டு முறை தொகுத்துத்தான் ஏற்ற இறக்கம் கிடைக்கிறது. சிறு பிழையும் அதில் வளர்ந்துகொண்டே போகும் என்பதால் கணக்கில் அதை நீக்கும் வடிகட்டி (ஃபில்டர்) போடுகிறார்கள். தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வடிகட்டிதான். தெற்கிந்தியப் பெருங்கடலிலிருந்து 15 வினாடிக்கு மேல் இடைவெளியுள்ள நீண்ட அலை வரும் நாட்களில் உடனடி ஹீவ் தடுமாறும். சில நிமிடத் தரவைச் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிடும் தாமத ஹீவ் வசதி இருந்தால் அது 2 செ.மீ. அல்லது 2 சதவீதத்துக்கு இறங்கும். மெம்ஸிலும் அது கிடைக்கிறது. அந்த வசதி இல்லாத யூனிட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இதையெல்லாம்விட என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. இந்த சென்சார்களை இங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. அளவுத்திருத்தமோ பழுதோ, பெட்டி கட்டித் தயாரித்த நாட்டுக்கே அனுப்ப வேண்டும். ஃபைபர் ஆப்டிக்கில் பேர்போன ஆக்டன்ஸும் மெம்ஸில் பலர் கேட்கும் எகினாக்ஸும் பிரான்சில் செய்பவை. புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்சோடு பழைய உறவு இருக்கலாம், கஸ்டம்ஸில் அது செல்லாது. உயர்துல்லியக் கைரோக்கள், ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாசனார் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகின்றன. இந்தியா 2017இல் அதில் சேர்ந்துவிட்டது என்றாலும், விற்கிற நாட்டின் ஏற்றுமதி உரிமமும், யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்ற உறுதிக்கடிதமும் தேவைப்படலாம். நடுத்தர மெம்ஸ் யூனிட்கள் பலவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை. வாங்கும்போது மட்டுமல்ல, பழையதாக விற்கும்போதும் இந்தக் காகிதம் குறுக்கே நிற்கும்.

பழுதுக்கு அனுப்பும்போது ஷிப்பிங் பில்லில் சீரியல் எண் பளிச்சென்று இருக்கட்டும். மூன்று ஆண்டுக்குள் அதே பொருள் திரும்பி வந்தால் பழுதுச் செலவு, போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றின் மேல்தான் வரி. தொழிற்சாலை பழையதை வைத்துக்கொண்டு வேறொன்றை மாற்றி அனுப்பிவிட்டால் அது புது இறக்குமதி. "மாற்றித் தருவீர்களா, சரிசெய்து தருவீர்களா" என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடைக்காலத்தில் வேலை இல்லை. தடைக்கால 61 நாளும் விசைப்படகுகள் துறைமுகத்துக்குள் அடைந்து நிற்பதால் உள்ளே அளக்கவே இடமிருக்காது. மிச்சமுள்ள மாதங்களில் சென்சார் ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்தால் ஆண்டு போச்சு. எனக்கு வந்த விலைப்புள்ளிகளில் ஒரு ஃபைபர் ஆப்டிக்கின் காசில் இரண்டு மெம்ஸ் வாங்கலாம். ஒன்று படகில், ஒன்று அலமாரியில்.

மெம்ஸின் பலவீனம் அதிர்வு. எங்கள் ஃபைபர் படகின் டீசல் எஞ்சின் உதறும் உதறலில் சரியாகப் பொருத்தாத யூனிட் உளறும். "அண்ணே, அடியில ரப்பர் வச்சிடலாமா?" என்று படகுத் தம்பி கேட்டான். வைக்கக் கூடாது. ரப்பர் நெளிந்தால் எக்கோசவுண்டரோடு உள்ள கோணம் மாறிவிடும், பேட்ச் டெஸ்டில் (இரண்டுக்கும் இடையேயான கோண வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஓட்டம்) எடுத்த திருத்தம் வீணாகும். எஞ்சினைவிட்டுத் தள்ளி, எக்கோசவுண்டர் கம்பத்தோடு சேர்த்து, கனமான தகட்டில் இறுக்கிப் போல்ட் போடுவதே சரி.

ஹெலிடெக் (ஹெலிகாப்டர் இறங்கும் தளம்), டைனமிக் பொசிஷனிங் (நங்கூரம் இல்லாமல் உந்திகளாலேயே ஒரே இடத்தில் நிற்கும் வசதி) உள்ள கப்பல்கள் வேறு உலகம். அவற்றில் நான் வேலை செய்ததில்லை. அங்கே சான்றிதழும் மாற்று யூனிட்டும் விதியாகவே கேட்கப்படுவதால், என் கணக்கை அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டாம். மெம்ஸ் ஐந்தாறு வருஷம் கழித்து எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதற்கும் என் கையில் இன்னும் அனுபவமில்லை.

உப்புக் காற்றில் முதலில் போவது சென்சார் அல்ல, கனெக்டர்தான். ஆர்டரிலேயே இரண்டாவது கேபிளையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் அந்த ஒரு முழக் கம்பிக்கும் அதே கஸ்டம்ஸ் வரிசையில் நிற்க வேண்டும்.