டர்பனில் படித்த வரிச் சட்டம்: ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

2019 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் ஒரு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில், வரிச் சட்டத்துக்கான எல்எல்எம் (சட்ட முதுகலை) வகுப்பில் பகுதிநேர மாணவனாகச் சேர்ந்து, 2020 இறுதியில் முடித்தேன். முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் இந்தப் பகிர்வு வெறும் பாராட்டாகவோ வெறும் புலம்பலாகவோ போயிருக்கும். ஐந்து ஆண்டுகள் அந்தப் படிப்பை வைத்துப் பிழைப்பு நடத்திய பிறகுதான், அதில் எது உழைத்தது, எது முதல் சலவையிலேயே சாயம் போயிற்று என்று சொல்ல முடிகிறது.

நான் மதுரையில் பி.எல். முடித்தவன். இங்கு வந்தபின் வழக்கறிஞர் தொழிலுக்குள் நுழைய முடியாமல் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சேர்ந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ், தெலுங்குக் குடும்பத்தினர். என் இந்தியப் பட்டத்துக்கு இந்நாட்டின் தகுதி ஆணையத்திடம் மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டியிருந்தது. மற்றபடி சேர்க்கையில் சிக்கல் இல்லை.

முதல் அரையாண்டு எனக்கு எரிச்சலாகவே கழிந்தது. 1962ஆம் ஆண்டின் 58ஆம் எண் வருமான வரிச் சட்டம் ‘மொத்த வருமானம்’ என்பதற்குத் தரும் வரையறையின் சாரம் மிகச் சிறியது: ரொக்கமாகவோ வேறு வகையிலோ ஒருவர் பெற்ற அல்லது அவருக்குச் சேர்ந்த மொத்தத் தொகை, மூலதனத் தன்மை கொண்டவை நீங்கலாக. இதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வகுப்பு நடந்தது. ‘சேர்ந்த’ என்ற ஒரு சொல்லுக்காக, திராட்சை மது விற்ற பணத்தில் ஒரு பகுதி அடுத்த ஆண்டில்தான் கைக்கு வரவிருந்த ஒரு விவசாயியைப் பற்றிய 1926ஆம் ஆண்டின் லாட்டிகன் தீர்ப்பை எழுத்தெண்ணிப் படித்தோம். பணம் கைக்கு வராவிட்டாலும் அதைப் பெறும் உரிமை பிறந்துவிட்டால் அது சேர்ந்த தொகையே என்பது அதன் முடிவு. பகல் முழுவதும் படிவங்களோடு மல்லாடிவிட்டு மாலையில் வந்து உட்காருபவனுக்கு, இந்த நிதானம் ஒரு சொகுசாகத் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது ‘மூலதனத் தன்மை’ பற்றிய பகுதிதான்.

தமிழ்நாட்டில் சட்டம் படித்தபோது, ஒரு சொத்தை விற்றவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, எத்தனை மாதம் கையில் வைத்திருந்தீர்கள் என்பது. இங்கே, சில பங்குகளுக்கான மூன்றாண்டு விதி போன்ற விலக்குகள் தவிர, காலக்கணக்கு கேள்வியைத் தீர்ப்பதில்லை. எதற்காக வாங்கினீர்கள், விற்கும்போது என்ன மனநிலையில் இருந்தீர்கள் என்றே நீதிமன்றம் துருவுகிறது. இதற்குப் பாடமாக வைக்கப்பட்டது 1975ஆம் ஆண்டின் நேட்டால் எஸ்டேட்ஸ் வழக்கு. டர்பனுக்கு வடக்கே கரும்பு நிலங்களை வைத்திருந்த அந்த நிறுவனம், நகரம் நெருங்கி வந்தபோது, லா லூசியா பகுதியில் நிலத்தைக் குடியிருப்பு மனைகளாக்கி விற்கும் திட்டத்தில் இறங்கியது. மூலதன ஆதாய வரி 2001 அக்டோபர் 1 அன்றுதான் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது என்பதால், விற்றது மூலதனம் என்று நிறுவிவிட்டால் அன்று வரியே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த நிறுவனம் ரூபிகான் ஆற்றைக் கடந்து, அதாவது திரும்ப முடியாத எல்லையைத் தாண்டி, நில வியாபாரத்துக்குள் போய்விட்டது என்று முடிவு செய்தது. அந்த நிறுவனத்தின் ஆலை இருந்த மவுண்ட் எட்ஜ்கோம் பகுதிக்குக் காவடி பார்க்கப் போகும்போதெல்லாம் இத்தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. அங்கே கரும்பு வெட்டியவர்களின் கொள்ளுப்பேரர்கள்தாம் என் வாடிக்கையாளர்கள்.

2022இல் வெருலத்திலிருந்து ஓர் ஆயா, அதாவது ஒரு பாட்டி, வந்தார். ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்தபின் அவருடைய மாமனார் வழியினர் வாங்கிக் காய்கறி பயிரிட்ட சில ஏக்கர் நிலத்தில், சாலை போட்டு, மின்கம்பம் நட்டு, மனைமனையாக விற்கும்படி ஒரு தரகர் சொல்லியிருந்தார். “தம்பி, பெரியவங்க வாங்கிப் போட்ட நிலம்தானே, இதுல வியாபாரம் எங்க வந்தது?” என்று கேட்டார். மனைகளாகப் பிரித்த காரணத்துக்காக மட்டுமே அது வியாபாரமாகிவிடாது என்று 1928ஆம் ஆண்டின் ஸ்டாட் தீர்ப்பு அவர் பக்கம் நின்றது. தரகரின் திட்டமோ அவரை நேட்டால் எஸ்டேட்ஸின் பக்கம் தள்ளியது. தனிநபருக்கு மூலதன ஆதாயத்தில் 40 விழுக்காடுதான் வரிக்கணக்கில் சேரும் என்பதால் உச்ச விகிதத்திலும் சுமை 18 விழுக்காட்டைத் தாண்டாது. வியாபார லாபமானால் 45 வரை போகும். “ஆயா, ரோடு போடுற வேலையை வாங்குறவங்ககிட்ட விட்டுடுங்க” என்று சொன்னேன். இருந்த நிலையிலேயே நிலம் கைமாறியது. வகுப்பில் சலித்துக்கொண்டு படித்த இரு தீர்ப்புகள் அன்று ஒரு குடும்பத்தின் பணத்தைக் காத்தன.

இனி, சாயம் போனவை. நான் மனப்பாடம் செய்த நிறுவன வரி 28 விழுக்காடு. 2023 மார்ச் 31 முதல் முடியும் கணக்காண்டுகளுக்கு அது 27. வரி நிர்ணயத்துக்கு ஆட்சேபனை தெரிவிக்க நான் படித்த கெடு 30 வேலை நாட்கள். 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகளின்படி 80. இதில் படிப்பின் மீது குற்றமில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி பட்ஜெட்டோடு மாறும் எண்களுக்காக யாரும் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதில்லை.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘முதலில் கட்டு, பிறகு வாதாடு’ என்ற கொள்கையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு மெட்கேஷ் வழக்கில் ஏற்றுக்கொண்டதைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினேன். ஆனால் தகராறு தீரும் வரை வரியைக் கட்டாமல் நிறுத்திவைக்கக் கோரும் விண்ணப்பத்தை, வரி நிர்வாகச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ் எப்படி வரைவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அலுவலகத்தில் முதல்முறை அது தேவைப்பட்டபோது, எல்எல்எம் முடித்த நான், பட்டப்படிப்பே முடிக்காத மூத்த எழுத்தரிடம் கைகட்டி நின்று கற்றுக்கொண்டேன். இன்னொன்றும் சேர்வோர் அறிந்திருக்க வேண்டும்: இப்பட்டம் பெற்றதால் மட்டும் ஒருவர் பிறருக்காக வரிப்படிவம் தாக்கல் செய்யும் தொழிலராகிவிட மாட்டார், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஒரு தொழில் அமைப்பில் சேர்ந்து, இந்நாட்டின் வரித்துறையான சார்ஸிலும் தனியே பதிவுசெய்ய வேண்டும்.

வரிக் கொள்கைப் பாடத்தை நான் முதலில் அரட்டைக் கச்சேரி என்று நினைத்தேன். ஒரு வாரம், வீட்டு மளிகை ரசீதை எடுத்துக்கொண்டு எதற்கு மதிப்புக்கூட்டு வரி உண்டு, எதற்கு இல்லை என்று குறித்துவரச் சொன்னார்கள். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், முட்டை, காய்கறி எல்லாம் சுழிய விகிதம். கோழியும் மசாலாப் பொடியும் தேயிலையும் 15 விழுக்காடு. ஏழைக்காக விட்டுக்கொடுத்த வரியில், கூடுதலாக வாங்கும் வசதியுள்ளவன் கூடுதலான தொகையை மிச்சப்படுத்துகிறான் என்ற வாதம் அன்று என் சமையலறை மேசையிலேயே புரிந்தது.

அதே பாடத்தில், ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியர்கள் மீது 1895இல் அன்றைய நேட்டால் காலனி விதித்த மூன்று பவுண்டு ஆண்டு வரியை ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் என்றால், மூன்று பவுண்டு என்பது ஆறு மாதக் கூலி. பின்னர் அது 16 வயது ஆண்பிள்ளைகள் மீதும் 13 வயதுப் பெண்பிள்ளைகள் மீதும் விழுந்தது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பின், 1914இல்தான் நீக்கப்பட்டது. வருவாய்க்காக விதித்த வரி என்று பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது. மீண்டும் ஒப்பந்தத்துக்குள் தள்ளவோ கப்பலேற்றவோ போட்ட வரி என்று பார்த்தால்தான் ஒவ்வொரு விதியும் பொருந்துகிறது. ஒரு வரி எவ்வளவு ஈட்டுகிறது என்பதற்கு முன் யாரை எங்கே நகர்த்துகிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. வெளிநாட்டு ஊதியத்துக்கான விலக்கு 2020 மார்ச் முதல் பன்னிரண்டரை லட்சம் ராண்டோடு நின்றுவிட்டதைப் பற்றி, துபாயில் மகன் வேலை செய்யும் பெற்றோர் கேட்கும்போது, நான் அவர்களுக்குச் சொல்வது விகிதத்தை மட்டுமல்ல.

2025இல் மதிப்புக்கூட்டு வரியை மே 1 முதல் 15.5 ஆக்க முயன்று, ஏப்ரல் இறுதியில் நிதியமைச்சர் பின்வாங்கினார். நாடாளுமன்றம் சட்டமியற்றும் முன்பே அமைச்சர் பட்ஜெட்டில் அறிவித்து விகிதத்தை மாற்ற வழிசெய்யும் 7(4)ஆம் பிரிவு, அப்போது நீதிமன்றம் வரை போயிற்று. என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அப்பிரிவு பற்றி ஒரே ஒரு வரி இருந்தது, அதுவும் ஓரத்தில்.

சேர நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். ஆகஸ்ட் இறுதியும் பிப்ரவரி இறுதியும் முன்கூட்டு வரிக்கான கெடு நாட்கள். என் வகுப்பில் கட்டுரை ஒப்படைக்கும் நாட்களும் பெரும்பாலும் ஆகஸ்டில்தான் வந்து நின்றன. அலுவலகத்தில் விடுப்பை ஜூன் மாதமே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.