ஆஃபரில் வரும் அந்த ஸ்ட்ரோலர்: மண்டாய் மழைக்குப் பிறகு என் பதில்

கோயம்புத்தூரிலிருந்து தோழி கேட்டிருக்கிறாள்: "நீ வச்சிருக்கிற ஸ்ட்ரோலர் இப்ப பாதி விலைக்கு வருதுடி. டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூர் வர்றோம், வாங்கிடட்டுமா?" எடை எவ்வளவு, எத்தனை கிலோ தாங்கும், விமானத்தில் கையோடு எடுத்துப் போகலாமா என்பதையெல்லாம் அவளே படித்துவிட்டாள். அதனால் அதற்குள் போகவில்லை. பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் அந்த வண்டியோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் மழைக் கவரைப் பற்றி எனக்குப் பேச வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் நியாயம். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது, இப்போது அவன் ஓடித் திரிகிறான். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் மடித்துவிடலாம். தேக்கா சந்தைக் கூட்டத்திலும் வளைந்து நெளிந்து போய்விடும். சாய்த்துவிட்டால் ரயில் சத்தத்திலும் எழாமல் தூங்குவான். முன்சக்கரம் கிறீச்சென்று கத்த ஆரம்பித்ததும் பேரிங் மாற்றினோம், மறுபடி புதுசு போல ஓடுகிறது. இந்த வண்டியைச் செய்தவர்களுக்கு வேலை தெரியும். அந்தக் கவரைப் பார்த்தால் ஆத்திரம் வருவதும் அதனால்தான்.

போன டிசம்பரில் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பேரனோடு மிருகங்களைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. காத்திப் ரயில் நிலையத்திலிருந்து ஷட்டில் பஸ் பிடித்து, சிங்கப்பூர் ஜூ இருக்கும் மண்டாய்க்குப் போனோம். 1973-இல் திறந்த ஜூ அது. கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழி, பாறை, புதர் என்று வைத்தே பல விலங்குகளைப் பிரித்திருப்பார்கள். நீர்த்தேக்கக் கரையில், மரங்களுக்கு நடுவில் நடந்துகொண்டே பார்க்கலாம். அந்தத் திறந்தவெளிதான் அதன் அழகு. மழை பிடித்துக்கொண்டால் ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவே கிடக்கும் தூரமும் அதே திறந்தவெளிதான்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற வடகிழக்குப் பருவமழை இங்கே கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும்தான் உச்சத்துக்கு வரும். டிசம்பர் மாதச் சராசரியே 300 மி.மீ.-க்கு மேல். பெரும்பாலும் மதியத்துக்குமேல் இடியோடு ஆரம்பிக்கும். அன்றைக்கும் ஒராங்குட்டான்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது காற்று மாறியது, வானம் இருட்டியது, சாரல் என்று ஒன்று இல்லாமல் நேரே கனமழை.

கவரை விரித்தேன். நாலு மூலையிலும் வெல்க்ரோ. கீழ் இரண்டும் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் குனிந்து, கையை விட்டுத் தடவித்தான் ஒட்ட வேண்டும். அப்பா குடையை என் தலைக்குப் பிடிப்பதா, பேரன் தலைக்குப் பிடிப்பதா என்று தவித்தார். ஒருவழியாக மூடிவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் முகம் மறைந்துவிட்டது. உள்ளே அவன் மூச்சும் வியர்வையும் கலந்த சூடான காற்று, வெளியே மழையில் குளிர்ந்த பிளாஸ்டிக். உள்பக்கம் முழுக்கப் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது. காற்றோட்டத்துக்கு வைத்திருக்கும் துளைகள் முழங்கால் உயரத்தில் பக்கத்துக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான். சூடான காற்று மேலேதானே ஏறும்? முகத்துக்கு நேரே, தலைக்கு மேலே, ஒரு துளைகூட இல்லை. "அம்மா, ஒண்ணும் தெரியல" என்று உள்ளிருந்து அழுகிறான். விரலால் தேய்த்து ஓட்டை போட்டுப் பார்க்கிறான், உடனே அதுவும் மூடிக்கொள்கிறது. நான் துடைக்க வேண்டுமென்றால் ஜிப்பைத் திறக்க வேண்டும். அந்த ஜிப் கீழிருந்து மேலே திறக்கிறது, அதனால் முகம்வரை எட்ட மொத்தத்தையும் திறந்தாக வேண்டும். திறந்தால் மழை.

குழந்தை புழுங்கிக்கொண்டிருப்பதை வெளியிலிருந்து பார்க்கவே முடியாத கவரை வெப்பநாட்டில் எப்படி விற்கிறார்கள்? எனக்கு இது சௌகரியக் குறைவு மட்டுமல்ல. கழற்றியபோது அவன் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது, மழையால் அல்ல.

பபூன் குரங்குகள் இருக்கும் பக்கம் கூரைக்கு அடியில் ஒதுங்கிக் கவரைக் கழற்றி எறிந்தேன். அப்பா பேரனைத் தூக்கிக்கொண்டார். எதிரே பாறைகளில் தாய்க் குரங்குகள் குட்டிகளை வயிற்றோடு அணைத்து, முதுகை மழைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தன. ஒரு பெரிய ஆண், வெள்ளிப் பிடரி நனைந்து ஒட்டிப்போய், பாதியாகச் சுருங்கித் தெரிந்தது. பையன் அழுகையை மறந்து அதையே பார்த்தான். "வெயில்ல வந்திருந்தா இது கெடச்சிருக்குமா?" என்றார் அம்மா. உண்மைதான், அந்த ஜூவில் எங்களுக்கு வாய்த்த மிக நல்ல நேரம் அது. கவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

கம்பெனிக்கு எழுதினேன். கவர் தண்ணீர் புகாதது என்று சோதித்து உறுதிசெய்யப்பட்டது என்று பதில். நான் கேட்டது தண்ணீரைப் பற்றியா? அதே கவரை இன்னொன்று வாங்கத் தள்ளுபடியும் தருகிறார்களாம்.

தோழிக்கு என் பதில் இதுதான். வாங்காதே. நான் மேலே சொன்ன நல்லது அத்தனையும் உண்மை, இருந்தாலும் டிசம்பர் பயணத்துக்கு வாங்காதே. ஜூவுக்குக் காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள், மதிய மழைக்குள் பாதியாவது பார்த்துவிடலாம். கிளம்புமுன் சிங்கப்பூர் அரசின் மைஎன்வி (myENV) செயலியில் மழை வரைபடத்தைப் பார். மின்னல் அபாயம் என்றால் வெளிப்புறக் காட்சிகள் ரத்தாகலாம், அப்போது கூரை இருக்கும் இடங்களுக்குப் போய்விடு. பிள்ளைக்குத் தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்று போதும், கையில் பிடித்து நடத்து, முடியாதபோது தூக்கிக்கொள்.

வண்டியை மட்டும் வாங்கி வேறு கம்பெனிக் கவரைப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பாய். அதையும் கடையிலேயே மாட்டிப் பார்த்தேன். இந்த வண்டியின் கைப்பிடி வளைவில் எதுவும் சரியாக உட்காரவில்லை.