1,85,000 ரூபாய் போச்சு: வண்டியில் தண்ணீர்த் தொட்டி, ஃபில்டர் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. பட்டறை பெயரைப் போடு என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் இப்போதைக்குப் போடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் மினி லாரிகளுக்குக் கூண்டு, தண்ணீர்த் தொட்டி, டிஃபன் கடை செட்டப் எல்லாம் கட்டித் தருகிற இடம். பழைய சாமான் வாங்க விற்க எல்லோரும் வைத்திருக்கிற ஒரு செயலியில் 'கிளீனிங் வேன் செட்டப், எல்லாம் சேர்த்து ஒரே ரேட்' என்று படத்தோடு விளம்பரம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் போனேன்.

எனக்கு வேலூரில் கண்ணாடி துடைக்கும் தொழில். தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் லாட்ஜுகள், காட்பாடி ரோட்டில் ஷோரூம்கள். ஏணியையும் பக்கெட்டையும் கட்டி இழுத்தது போதும், தண்ணீர் ஓடும் நீளக் கம்பு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். தரையில் நின்றபடியே மூன்றாவது மாடி வரை பிரஷ் போட்டுக் கழுவலாம். சோப்பு வேண்டாம், துடைக்க வேண்டாம், தானாகக் காய்ந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை, தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, மீட்டரில் பூஜ்யம், மிஞ்சிப் போனால் 10. நம்ம ஊர் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டுத் தண்ணீரில் மீட்டரை வைத்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதை அப்படியே அடித்தால் தண்ணீர் ஆவியாகிப் போய், உப்பு மட்டும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதனால் முதலில் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பை வடிக்கும் ஃபில்டர்), பிறகு ரெசின் (மிச்ச உப்பை உறிஞ்சும் மணிகள்). ஆர்.ஓ. இல்லாமல் நேராக ரெசினில் விட்டால் அது சீக்கிரமே செத்துவிடும், மாற்றி மாளாது.

வண்டி விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. மாருதி ஈகோ கார்கோ வேன் என்றால் மூடிய வண்டி, சாமானுக்குப் பாதுகாப்பு. ஆனால் 500 லிட்டர் தண்ணீர் என்றாலே அரை டன். தொட்டி, பம்பு, கம்பு, இரண்டு ஆள் எல்லாம் சேர்த்தால் தாங்காது. முக்கால் டன் ஏற்றலாம் என்று பழைய டாடா ஏஸ் ஒன்று எடுத்தேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது. கெட்டது எல்லாம் அதன் மேல் கட்டியதுதான்.

பட்டறைக்காரர் பேச்சு தேன். "இன்னாண்ணா, உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் அலையாமல் உள்ளே தடுப்பு வைத்த 500 லிட்டர் தொட்டி, 2 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாயில் ஃபிரேம், ஆர்.ஓ., ரெசின், 12 வோல்ட் பம்பு, அதற்குத் தனி பேட்டரி. மொத்தம் 1,85,000. ஜி.எஸ்.டி. பில் கேட்டால் 18 சதவீதம் கூட வரும் என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு லட்சம் ஃபோனில் அனுப்பினேன். மீதி 85,000 வண்டி எடுக்கும்போது ரொக்கம். அதில் பாதிக்கு மேல் நகைக்கடன்.

அந்த ரொக்கத்தை எப்படி வாங்கினார் என்று கேளுங்கள். வண்டி ரெடி என்றதும் மோட்டாரைப் போட்டு, குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து உள்ளே விட்டார். 000. "பாருண்ணா, பேட்டரி தண்ணி மாதிரி இருக்கு. நீயே வீடியோ எடுத்துக்கோ." எடுத்தேன். வீட்டில் காட்ட வேண்டுமே என்று ஆசையாக எடுத்தேன். நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் வேலையே ஒரு லாட்ஜின் முன்பக்கக் கண்ணாடி. கழுவி முடித்துக் கம்பை மடக்கும்போதே மேல்மாடி வெயிலில் காய ஆரம்பித்துவிட்டது. கீழே நின்று பார்க்கிறேன், கண்ணாடி முழுக்கப் புள்ளி. மேனேஜர் வெளியே வந்து, "இதுக்கு முன்னாடியே நல்லா இருந்துச்சேப்பா" என்றார். ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் கையால் துடைத்துக் கொடுத்தோம். அடுத்த மாதம் முதல் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஆர்.ஓ. மெம்பிரேன், அதாவது அந்தச் சவ்வு, இருக்க வேண்டிய வெள்ளைக் கூட்டைத் திருகித் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு! ரெசின் டப்பாவில் பாதி கூட நிரம்பவில்லை. அப்படியானால் 000 எப்படி வந்தது என்று அந்த வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். மீட்டர் திரையின் மூலையில் சின்ன எழுத்தில் 'ஹோல்டு'. பையிலிருந்து எடுக்கும்போதே 000 என்ற எண்ணை உறைய வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மற்றதையும் அப்புறம்தான் நோண்டினேன். தொட்டிக்குள் தடுப்பு கிடையாது. பாதித் தண்ணீரோடு காட்பாடி பாலத்தில் இறங்கும்போது பிரேக் பிடித்தால், உள்ளே தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியையே தள்ளுகிறது. தொட்டியைக் கேபினை ஒட்டி வைக்காமல் பின்கதவு ஓரம் வைத்திருக்கிறார்கள். எடை எல்லாம் பின் ஆக்சிலுக்குப் பின்னால் விழுந்து முன்பக்கம் தூக்குகிறது, ஸ்டியரிங் லேசாகிப் போகிறது. போல்ட்டு வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இல்லை, வெறும் தகட்டில். லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்தால் குழாயின் கனம் 1.2 மில்லிமீட்டர். தனி பேட்டரியும் இல்லை. வண்டி பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்திருக்கிறார்கள், நடுவில் ஒரு ஃபியூஸ் கூட இல்லை. தீப்பிடித்திருந்தால்?

ஃபோன் பண்ணினேன். முதலில், "தண்ணி உங்க ஊர் தண்ணிண்ணா, நான் இன்னா பண்ணுவேன்." ஊர் தண்ணீர் நன்றாக இருந்தால் நான் ஏன் 1,85,000 கொடுத்து ஃபில்டர் கட்டுகிறேன்? அப்புறம் பிட்டர் ஊருக்குப் போயிருக்கான். அப்புறம் ஆடி முடியட்டும். அப்புறம் "வாரண்டி பம்புக்கு மட்டும்தான், சீட்டைப் பாருண்ணா." நேரில் போனால் ஒரு பையன், "ஓனர் இல்லைங்க" என்றான். ஓனரின் வண்டி உள்ளேதான் நின்றது. வாட்ஸ்அப்பில் வெறும் கூட்டின் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் புரொஃபைல் படத்தையே காணோம், பிளாக். அந்தச் செயலிக்குப் புகார் போட்டால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நாங்கள் வரமாட்டோம் என்று ஒரு வரி. அதே விளம்பரம் இன்னும் அதில் ஓடுகிறது!

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மீட்டர் உங்களுடையதாக இருக்கட்டும், சில நூறு ரூபாய்தான். முதலில் ஃபில்டர் செய்யாத பச்சைத் தண்ணீரில் விட்டு எண் ஏறுகிறதா பாருங்கள், பிறகு ஃபில்டர் தண்ணீரில் விடுங்கள். கூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். படுத்து வண்டிக்கு அடியில் போல்ட்டைப் பாருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கு நிற்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிட்டுப் பதிவு செய்யலாம், நான் செய்துவிட்டேன்.

இதே மஞ்சள் சீட்டு உங்களிடமும் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம். தொட்டியை இறக்க ஆள் வந்துவிட்டார்கள், போகிறேன்.