கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் பிறகு: ஆத்தா வீட்டுப் பத்தியமா, டயட் சார்ட்டா?

கர்ப்பத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குக் காரைக்குடிப் பக்கம் தாய்வீடு வந்தவர்களுக்கு இரண்டு சாப்பாட்டு வழி உண்டு. ஒன்று ஆத்தாவும் (அம்மா) ஆயாவும் (பாட்டி) சமைப்பது: பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிளறிய பிரசவ மருந்து. இன்னொன்று டயட்டீஷியன் தரும் தாள்: ஓட்ஸ், சாலட், இரண்டு சப்பாத்தி. நான் ஆத்தா பக்கம் நின்றேன், கருப்பட்டியை மட்டும் தள்ளிவிட்டு.

முதல் மூன்று மாத எடையை மட்டும் பார்த்தால் சார்ட்தான் ஜெயிக்கும். பத்தியத்தில் 'பிள்ளை பால் குடிக்குதே' என்று இன்னொரு கரண்டி விழும், நடமாட்டமும் குறைவு.

ஆனால் விஷயம் மூன்று மாதத்தில் முடிவதில்லை. நஞ்சுக்கொடி விழுந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். இருந்தும் பின்னாளில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்ற தாய்மார்களைவிட ஏறக்குறைய 10 மடங்கு. அமெரிக்காவின் டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம் ஆய்வில் 7% எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் இலக்கு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களுக்கு அது ஆபத்தைப் பாதியாக்கியது. ஆனால் 3 வருடம் கழித்து அவர்களிடம் நின்ற எடைக் குறைவு சராசரி 1.6 கிலோதான், மற்ற தாய்மார்களுக்கு 4 கிலோ. இறக்கிய எடை ஏறிவிடுகிறது.

இதுதான் என்னைத் தீர்மானிக்க வைத்தது. சார்ட் சாப்பாட்டுக்குத் தனி அடுப்பு வேண்டும். மாமியார் வீடு போனதும் ஒருத்திக்கு மட்டும் யார் தனியாகச் சமைப்பது? அதுவும் கைக்குழந்தையோடு? குழம்பும் கீரையும் மீனும் எல்லோருக்கும் சேர்த்தே வேகும். என் தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கருப்பட்டி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 'அது மருந்து, சீனி இல்லை' என்பார்கள். பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கும்மாயம், கந்தரப்பம் போன்ற செட்டிநாட்டு இனிப்புகள் எல்லாம் அதே கணக்கு. கவுனி அரிசியில் நார்ச்சத்து உண்டு என்பது சரி, கூடவே கொட்டும் சீனியை யாரும் பேசுவதில்லை. ஆயாவோடு வாதாடி ஜெயிக்க முடியாது. சுக்கு, மிளகு, திப்பிலியைப் பொடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிரசவத்துக்குப் பிறகும் இன்சுலின் தொடர்பவர்களுக்கு என் அனுபவம் செல்லாது, அவர்கள் சார்ட்டையே பிடித்துக்கொள்வது நல்லது.

எந்தப் பக்கம் போனாலும் பிரசவமாகி 6 வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) மட்டும் பார்த்தால் போதாது, பிரசவ ரத்த இழப்புக்குப் பிறகு அது குறைத்துக் காட்டக்கூடும்.