ஒரே வழுக்கி, இரண்டு வாசிப்புகள்: புற்றுக்கட்டிக்குள் நிர்ப்பீடனக் கலங்களை எண்ணும் முறைகள்

சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மூன்று கிழமைகளில் நோயியல் அறிக்கை கைக்கு வந்ததும், குடும்பத்தார் அதில் தேடுவது ஒன்றைத்தான்: நோய் திரும்பி வருமா, வராதா. நோயியல் ஆய்வுகூடமொன்றில் 26 ஆண்டுகள் இழையங்களை வெட்டிச் சாயமிட்டவன் என்பதால், யாழ்ப்பாணத்தில் உறவினரும் அயலவரும் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து வாசித்துச் சொல்லச் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகளில் மூன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முதலாவது, எல்லா அறிக்கைகளிலும் இருக்கும் ரி.என்.எம். நிலை. இரண்டாவது, கட்டிக்குள் இருக்கும் ரி நிணநீர்க்குழியங்களை, அதாவது நிர்ப்பீடனத்துக்காகப் போராடும் ஒருவகை வெண்குருதிக் கலங்களை, கணினியால் எண்ணும் இம்யூனோஸ்கோர். மூன்றாவது, நிணநீர்க்குழியங்களை வழக்கமான சாயமிட்ட வழுக்கியில், அதாவது இழையத் துண்டு ஒட்டிய கண்ணாடித் தகட்டில், நோயியல் வைத்தியர் கண்ணால் மதிப்பிடும் முறை.

ரி.என்.எம். முறையைப் பிரான்சின் பியர் டெனுவா 1943 முதல் 1952 வரையான காலத்தில் வகுத்தார். கட்டி எவ்வளவு ஆழம் போயிற்று, எத்தனை நிணநீர்க்கணுக்களில் பரவிற்று, தூர உறுப்புகளுக்குப் போயிற்றா என்ற மூன்றையும் அது பதிவு செய்கிறது. உலகெங்கும் வைத்தியர்கள் ஒரே மொழியில் பேச அது வழிசெய்தது. அதை நீக்கிவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்று எவரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. ஆயினும் அதன் குறை பெருங்குடல் புற்றுநோயில் வெளிப்படையாகத் தெரியும். கணுக்களில் பரவாமல் குடற்சுவரை முற்றாகத் துளைத்து அயல் உறுப்பைத் தொட்ட இரண்டாம் நிலைக் கட்டி உள்ளவர்களைவிட, சுவரின் மேற்பகுதியோடு நின்று ஓரிரு கணுக்களில் மட்டும் பரவிய மூன்றாம் நிலை நோயாளர் நீண்ட காலம் வாழ்வது பெரிய பதிவேடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. இலக்கம் கூடினால் ஆபத்தும் கூடும் என்று நம்பி அறிக்கையை வாசிப்பவருக்கு இது குழப்பத்தையே தரும். கட்டி எங்கே போயிற்று என்பதை அந்த முறை அளக்கிறது. உடல் அந்தக் கட்டியை எப்படி எதிர்கொண்டது என்பதை அது அளப்பதில்லை.

எதிர்கொண்டதன் அடையாளம் வழுக்கியிலேயே இருக்கிறது. கட்டியின் கலங்களுக்கு நடுவிலும், அவற்றைத் தாங்கும் தொடுப்பிழையத்திலும், கட்டி நல்ல இழையத்தைத் தொடும் விளிம்பிலும் சிறிய, வட்டமான, கருநீலக் கருக்களுடன் நிணநீர்க்குழியங்கள் திரண்டு நிற்கும். இப்படித் திரண்டவர்களுக்கு நோய் மெதுவாகச் செல்கிறது என்பதை 1920களிலேயே சில நோயியலாளர்கள் கவனித்தார்கள்; ஆனால் அளவிட ஒழுங்கான முறை இல்லாமையால் அந்தக் கவனிப்பு நெடுங்காலம் அப்படியே கிடந்தது. 2006இல் பாரிஸில் ஜெரோம் கலோனும் அவருடைய குழுவினரும் பெருங்குடல் கட்டிகளில் இக்குழியங்களின் வகையையும் அடர்த்தியையும் அவை நிற்கும் இடத்தையும் அளந்து, நோய் மீளுவதை முன்னறிவதில் அந்த அளவு அன்றைய நிலை வகைப்பாட்டையும் விஞ்சுகிறது என்று அறிவித்தார்கள். இம்யூனோஸ்கோர் அதிலிருந்து பிறந்தது.

அதன் செய்முறை இது. புற்றுக்கட்டியின் இழையத்தைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலிருந்து இரண்டு மெல்லிய துண்டுகளை வெட்டி, ஒன்றில் எல்லா ரி குழியங்களிலும் இருக்கும் சிடி3 புரதத்துக்கும், மற்றதில் கொல்லும் வகை ரி குழியங்களில் இருக்கும் சிடி8 புரதத்துக்கும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு சாயமிடுவார்கள். வழுக்கிகள் ஸ்கானரால் படமாக்கப்பட்டு, கட்டியின் நடுப்பகுதியிலும் விளிம்பிலும் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை குழியங்கள் என்பதை மென்பொருள் எண்ணும். கிடைக்கும் நான்கு அடர்த்திகளும், முன்பு ஆராயப்பட்ட நோயாளரின் வரிசையில் நூற்றில் எந்த இடத்தில் விழுகின்றன என்று பார்க்கப்பட்டு, அந்த நான்கு இடங்களின் சராசரி தாழ்வு, இடைநிலை, உயர்வு என்று பிரிக்கப்படும். 25 வரை தாழ்வு, 70க்கு மேல் உயர்வு.

2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 14 நிலையங்களிலிருந்து 2681 பெருங்குடல் புற்றுநோயாளரின் இழையங்கள் கணக்கில் கொள்ளப்பட்டன. அதன் முதற் தொகுதியான 700 பேரில், ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் மீண்டது உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களில் 8 வீதத்தினருக்கு, இடைநிலையில் 19 வீதத்தினருக்கு, தாழ்ந்த மதிப்பெண்ணில் 32 வீதத்தினருக்கு. மற்றத் தொகுதிகளிலும் இதே போக்கு உறுதிப்பட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வெவ்வேறு ஆட்கள் எண்ணினாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது என்பதுதான். கண்ணால் பார்த்துச் சொல்லும் எந்த முறைக்கும் அந்த உறுதி எளிதில் வராது.

சிகிச்சையைப் பற்றியும் அது ஒன்று சொல்கிறது. பிரான்சில் மூன்றாம் நிலை நோயாளருக்கு மூன்று மாதக் கீமோதெரபியையும் ஆறு மாதக் கீமோதெரபியையும் ஒப்பிட்ட ஆய்வின் இழையங்களை 2020இல் இம்முறையால் அளந்தபோது, ஆறு மாதத்தின் கூடுதல் பயன் இடைநிலை, உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களிடமே காணப்பட்டது. ஆபத்துக் கூடிய தாழ்ந்த மதிப்பெண்காரரிடம் அது தெரியவில்லை. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் கீமோதெரபியின் வேலையில் ஒரு பங்கை உடலின் நிர்ப்பீடனமே செய்கிறது என்ற கருத்தோடு இது ஒத்துப்போகிறது. இருப்பினும் இம்மதிப்பெண்ணை வைத்து நோயாளரைப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவல்ல இது. பின்னர் திரும்பிப் பார்த்து எடுத்த முடிவு. ஆகவே இதைக் காட்டி மாதங்களைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு நான் எவரையும் தூண்டமாட்டேன்.

குறைகள் இரண்டு. இம்முறை பெருங்குடல் புற்றுநோய்க்கென அளவுகோலிடப்பட்டது. வேறு புற்றுநோய்க்கு அந்த எல்லைகளை அப்படியே எடுத்து வைக்க முடியாது. அதோடு, பிறபொருளெதிரிகள், ஸ்கானர், உரிமம் பெற்ற மென்பொருள் என்று எல்லாமே பணம். இலவச வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் ஒரு குடும்பம் இழையத்தைக் கடல் கடந்து அனுப்பித்தான் இதைச் செய்ய வேண்டுமென்றால், செலவோடு நாட்களும் போகும். சத்திரசிகிச்சைக்குப் பின் கீமோதெரபி தொடங்குவதைத் தள்ளிப்போட்டு இந்த மதிப்பெண்ணுக்காகக் காத்திருப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

மூன்றாவது முறைக்குப் புதிய வழுக்கியே தேவையில்லை. ஹிமற்றொக்சிலின், ஈயோசின் சாயங்களிட்டு எல்லா நோயாளருக்கும் ஆயத்தமாகும் அதே கண்ணாடியில், கட்டியின் எல்லைக்குள் இருக்கும் தொடுப்பிழையத்தின் பரப்பில் எத்தனை வீதத்தை நிணநீர்க்குழியங்களும், பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் பிளாஸ்மாக் கலங்களும் நிரப்பியிருக்கின்றன என்று நோயியல் வைத்தியர் மதிப்பிடுவார். ஒரு பன்னாட்டுக் குழு 2014இல் மார்பகப் புற்றுநோய்க்கு இதன் விதிகளை எழுதியது. இறந்து அழிந்த பகுதிகளை விடவேண்டும். அடர்ந்த ஓரிடத்தை மட்டும் தேடி எடுக்காமல் முழுப் பரப்பின் சராசரியைச் சொல்லவேண்டும். நடுநிலைநாடிகள் என்ற வேறுவகை வெண்குருதிக் கலங்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தேவைப்படுவது நுணுக்குக்காட்டியும், பழகிய கண்ணும், சில நிமிடங்களுமே.

ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்தரோன் ஓமோன்களின் வாங்கிகளும் ஹேர்2 புரதப் பெருக்கமும் இல்லாத மும்மை எதிர்மறை மார்பகப் புற்றுநோயில் இதன் சான்று மிக வலிது. 2019இல் ஒன்பது ஆய்வுகளின் 2148 நோயாளரைச் சேர்த்துப் பார்த்தபோது, கணுக்களில் பரவாமல் 30 வீதமோ அதற்கு மேலோ குழியங்கள் கொண்டிருந்தவர்களில் 97 வீதத்தினர் மூன்று ஆண்டுகளின் முடிவில் தூரப் பரவலின்றி உயிரோடு இருந்தார்கள். அவர்கள் கீமோதெரபி பெற்றவர்கள். 2024இல் வெளியான ஆய்வோ கீமோதெரபியே பெறாத 1966 பேரைப் பார்த்தது: முதலாம் நிலையில் 50 வீதத்துக்குக் குறையாத குழியங்கள் கொண்டவர்களில் 94 வீதத்தினர் ஐந்து ஆண்டுகள் தூரப் பரவலின்றி இருந்தார்கள், 30 வீதத்துக்குக் குறைந்தவர்களில் அது 78 வீதம்.

என் மைத்துனிக்கு வந்தது இந்த வகைதான். கணுக்கள் சுத்தம். அறிக்கையில் நிலை, தரம், வாங்கிகள் எல்லாம் இருந்தன. குழியங்களைப் பற்றி, அவை காணப்படுகின்றன என்ற ஒரேயொரு வரி, அளவில்லாமல். மும்மை எதிர்மறை என்றால் கொடியது என்று எங்கோ வாசித்துவிட்டு, கீமோதெரபி நடந்த மாதங்கள் முழுவதும் அவர் இரவில் நித்திரை கொள்ளவில்லை. சிகிச்சை முடிந்த பின்புதான் நான் அந்த வழுக்கியைக் கேட்டு வாங்கி, எனக்குத் தெரிந்த நோயியல் வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் 60 வீதம் என்றார். அதன் பொருளை விளக்கியபோது மைத்துனி கேட்டது ஒன்றுதான்: "அப்ப அது முதலே அந்தக் கண்ணாடியிலை இருந்ததோ, அத்தான்?" இருந்தது. சிகிச்சை எதுவும் மாறியிராது. ஆனால் அந்த மாதங்களை அவர் வேறு விதமாகக் கடந்திருப்பார். அத்தனை ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் இருந்த நான் அதை முதலிலேயே கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது.

கண்ணால் மதிப்பிடும் முறையின் பலவீனம், இருவர் பார்த்தால் இரண்டு எண் வரலாம் என்பது. 10 வீதமா 60 வீதமா என்பதில் தடுமாற்றம் குறைவு. 25க்கும் 35க்கும் இடையில்தான் கருத்து வேறுபடும். கொல்லும் குழியத்தையும் அடக்கும் குழியத்தையும் இச்சாயம் பிரித்துக் காட்டாது. வெட்டு தடித்திருந்தால் கருக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பரப்பைக் கூட்டிக் காட்டும் என்பதை நான் கைப்பழக்கத்தில் அறிவேன்.

இரு முறைகளுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிறையக் குழியங்கள் என்றால் எங்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஈஸ்ட்ரஜன் வாங்கியுள்ள, ஹேர்2 இல்லாத மார்பகப் புற்றுநோயில் கூடிய எண்ணிக்கை குறைந்த ஆயுளோடு சேர்ந்து காணப்பட்டதை 2018இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. சிறுநீரகத்தின் தெளிகலப் புற்றுநோயிலும் சிடி8 குழியங்கள் மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் கெட்ட குறியாகவே வந்திருக்கிறது. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரியின் எண்ணைக் கொண்டு தன் எண்ணை வாசிப்பது பிழை.

போட்டிக்கு வேறு இரண்டும் இருக்கின்றன. டி.என்.ஏ. பிழைதிருத்தும் நான்கு புரதங்களைச் சாயமிட்டுப் பார்ப்பது, பெருங்குடல் கட்டிகளில் ஏறத்தாழ 15 வீதமான ஒரு தனிக் கூட்டத்தைப் பிரித்துக் காட்டும். இக்கட்டிகளில் குழியங்களும் இயல்பாகவே அதிகம். பரம்பரை நோயையும் அது சுட்டக்கூடும் என்பதால் இம்யூனோஸ்கோருக்கு முன் இதற்கே பணம் செலவிடவேண்டும் என்பேன். குருதியில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை, எஞ்சிய நோயையே நேராகத் தேடுகிறது. இரண்டாம் நிலைப் பெருங்குடல் நோயாளர் 455 பேரிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், அதைக் கொண்டு முடிவெடுத்தபோது கீமோதெரபி பெற்றவர்கள் 28 வீதத்திலிருந்து 15 வீதமாகக் குறைந்தும், இரண்டு ஆண்டு முடிவில் நோய் மீளுதல் கூடவில்லை. நிர்ப்பீடனக் குழியங்களை எண்ணும் எந்த முறைக்கும் இன்னும் இத்தகைய சோதனைச் சான்று இல்லை. எனினும் அதன் செலவும் நமக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது.

இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை சேர்த்துச் சப்பும் பழக்கம் நம் ஊர்களில் அதற்குத் தீனி போடுகிறது. அந்நோயில் நிணநீர்க்குழியங்கள் கட்டியின் விளிம்பில் எப்படித் திரண்டிருக்கின்றன என்பது 2005 முதல் ஓர் ஆபத்து மதிப்பெண்ணின் பகுதியாக இருந்துவருகிறது. ஆனால் மும்மை எதிர்மறை மார்பகத்தில் இருப்பதைப் போன்ற உறுதியான எல்லை எண்கள் அங்கே இன்னும் நிலைபெறவில்லை. ஆழமும் கணுக்களுமே அங்கு முடிவெடுக்கும்.

ஆகவே, யாழ்ப்பாணத்தில் என்னிடம் அறிக்கையோடு வருபவர்களுக்கு நான் சொல்வது நோயின் வகையைப் பொறுத்தது. மும்மை எதிர்மறை அல்லது ஹேர்2 மார்பகம் என்றால், வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்: தொடுப்பிழையத்தில் குழியங்கள் எத்தனை வீதம்? அதற்கு ஒரு சதமும் செலவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்பே கீமோதெரபி தரப்பட்டிருந்தால், அதற்கு முன் எடுத்த ஊசித் துண்டில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பெருங்குடல் என்றால், குறைந்தது 12 கணுக்கள் ஆராயப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். அந்த எண் குறைந்திருக்கும்போது எந்த மதிப்பெண்ணும் கணுக்களின் இடத்தை நிரப்பாது. பிறகு பிழைதிருத்தும் புரதங்கள். இம்யூனோஸ்கோர், இரண்டாம் நிலையில் கீமோதெரபி வேண்டுமா என்று வைத்தியரே தடுமாறும்போது, பணமும் நாட்களும் இருந்தால் மட்டும்.

மெழுகுக் கட்டி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் பொருள். சிகிச்சை முடிந்தவர்களும் தங்கள் வழுக்கியை மீண்டும் வாசிக்கும்படி கேட்கலாம். கேட்கும்போது அறிக்கையின் மேல் மூலையில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள்.