மேலே 100, ஸ்டிக்கருக்கு அடியில் 1: போக்கர் சில்லு செட் வாங்குவோர் கவனத்துக்கு

மூடப்பட்ட ஒரு கேசினோவில் (சூதாட்டக் கூடத்தில்) பணத்துக்குப் பதிலாகப் புழங்கியவை, ஆனாலும் புதியவை போலவே இருப்பவை என்று சொல்லி, கேசினோக்களுக்கென்றே தயாராகும் பால்சன் என்ற பிராண்டின் 600 சில்லுகள் கொண்ட செட் ஒன்றைத் தனிநபர் ஒருவர் எனக்கு விற்றார். 1 டாலர் சில்லு 300, 5 டாலர் 100, 25 டாலர் 120, 100 டாலர் 80 என்பது அவர் கொடுத்த கணக்கு. விளிம்பை ஒட்டித் தொப்பியும் கைத்தடியும் அச்சாகியிருந்தன. அது பால்சனின் அடையாளம் என்பதைச் சேகரிப்பாளர் அனைவரும் அறிவர். படங்களைப் பார்த்த அளவில் எனக்கு ஐயம் எழவில்லை.

அவர் சொன்ன தொகையை 600-ஆல் வகுத்து, ஒரு சில்லுக்கு வரும் விலையைப் பிறர் கேட்டுக்கொண்டிருந்த விலைகளோடு ஒப்பிட்டு, மலிவுதான் என்று முடிவு செய்தேன். இந்த ஒரு கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. கேட்கும் விலைக்கும் விற்ற விலைக்கும் நெடுந்தொலைவு. மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும் பொருளின் விலைச்சீட்டு அதன் உரிமையாளரின் ஆசையை மட்டுமே காட்டும். அதைவிடப் பெரிய பிழை, எல்லா மதிப்புகளையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி பார்த்தது. 1 டாலர் சில்லை நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துச் சென்றோர் ஏராளம். 100 டாலர் சில்லைக் காசாக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவோர் அரிது. கேசினோ மூடும்போது மீளப் பெறப்படும் சில்லுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடுவதால், உயர்மதிப்புச் சில்லுகளே வெளியில் குறைவாகக் கிடைக்கின்றன. ஆகவே என் செட்டின் விலையில் பெரும்பங்கு 25, 100 டாலர் மதிப்புள்ள அந்த 200 சில்லுகளில்தான் இருந்தது. நான் ஏமாந்ததும் அவற்றில்தான்.

உண்மையில் நிறமே என்னை எச்சரித்திருக்க வேண்டும். அமெரிக்க கேசினோக்களில் 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு என்பது பெருவழக்கு. என் செட்டில் 25, 100 இரண்டுமே வெளிர்நீலச் சாயலில் இருந்தன. கேட்டதற்கு, அது அந்தக் கேசினோவின் தனிப்பாணி என்றார். வாங்கும் ஆசையில் இருந்த நானும் தலையாட்டினேன்.

பெட்டி வந்த அன்று மேல்வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, சரக்கு நன்றாக இருக்கிறது என்று அவருக்கு எழுதியும்விட்டேன். பத்து நாள் கழித்து, ஒரு 100 டாலர் சில்லைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தபோது அதன் நடுவில் பெயரும் மதிப்பும் அச்சாகியிருக்கும் படவட்டத்தின் ஓரம் நகத்தில் இடறியது. அசல் சில்லில் அந்தப் படவட்டம் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சில்லோடு சேர்த்தே பதிக்கப்படுவதால், விரல் அதைத் தனியாக உணராது. நகத்தைக் கொடுத்து நெம்பியதும் மெல்லிய ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் வேறொரு கேசினோவின் பெயரும் 1 டாலர் என்ற எழுத்தும் இருந்தன. மீதி 199-லும் அதே கதை. சில்லு என்னவோ பால்சன்தான், மதிப்புதான் மாறிவிட்டது.

எஞ்சிய 400 அசல்தான் என்றாலும், அவர் சொன்ன அளவுக்குப் புதியவை அல்ல. வெள்ளைத் துணியால் துடைத்தபோது எண்ணெய்க் கறை படிந்தது. வெளிறிய சில்லில் மினரல் ஆயில் தடவினால் நிறம் தற்காலிகமாக எடுப்பாகத் தெரியும்; சேகரிப்பாளர்களே பலர் அப்படிச் செய்வதுண்டு, அதைச் சொல்லாமல் புதியது போன்றது என்று விற்பதுதான் குற்றம். தேய்மானத்தை எண்ணெய் மறைக்காது: புதிய சில்லின் விளிம்பு கூர்மையாக இருக்கும், என்னுடையவை வழவழவென்று உருண்டிருந்தன.

இனி விற்பவரிடம் நான் கேட்கப்போவது, ஒவ்வொரு மதிப்பிலும் இருபது சில்லுகளை அடுக்கிப் பக்கவாட்டில் எடுத்த படமும், படவட்டத்தின் ஓரம் தெரியும்படி சாய்வான ஒளியில் எடுத்த படமும்தான். மதிப்புவாரியாக விலையைப் பிரித்துச் சொல்ல மறுப்பவரிடம் வாங்க மாட்டேன். செட்டோடு சேர்த்துத் தரும் அலுமினியப் பெட்டிக்கும் சீட்டுக்கட்டுக்கும் ஒரு காசும் சேர்க்க மாட்டேன்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, சரக்கு நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிய வரியையே அவர் எனக்குத் திருப்பி அனுப்பினார். அதன்பின் பதில் இல்லை.